மணம் செய்து வைத்த கை

ஐஸ்கிரீம் கடைகளின் விலைப்பட்டியலில் ‘வெண்ணிலா’ என்று எழுதியிருப்பதை நாம் எல்லோரும் பார்த்திருப்போம். பிழை என்று அதைத் திருத்த எனக்கு மனம் வருவதில்லை. அயற்சொல் ஒன்று தமிழுக்குள் நுழையும்போது, இங்கே ஏற்கெனவே இருக்கும் அழகான சொல் ஒன்றின் மீது சாய்ந்துகொள்வது இயல்புதான். அதுவும் ஐஸ்கிரீம் வெள்ளையாக இருக்கும்போது. ஆனால் அந்த மணத்தைத் தரும் நெற்று கன்னங்கரேலென்று இருக்கும். மெக்ஸிகோவின் நாவாட்டல் மொழியில் அதற்கு ‘த்லில்ஷோச்சிட்ல்’ என்று பெயர். கரும்பூ என்று பொருள். பூவின் நிறமோ பச்சை கலந்த மஞ்சள். பதப்படுத்திய நெற்றின் கருமையே பூவின் பெயராகிவிட்டது. பின்னர் வந்த ஸ்பானியர்கள் வாளுறை போன்ற அதன் வடிவத்தைக் கண்டு ‘வைனில்லா’, அதாவது சிற்றுறை என்றார்கள். அந்தப் பெயரே உலகெங்கும் நிலைத்தது.

டிசம்பர் மாதத்து ஐரோப்பிய, அமெரிக்க அடுமனைகளை நினைத்தால் முதலில் நினைவுக்கு வரும் வாசனைகளுள் வனிலாவும் ஒன்று. வியன்னாவின் பிறைவடிவ பிஸ்கோத்து, பாரிஸின் மரக்கட்டை வடிவக் கேக், முட்டையும் பாலும் மதுவும் கலந்த எக்நாக் எல்லாவற்றிலும் அது இருக்கிறது. நம்மூர்க் கிறிஸ்துமஸ் கேக்கிலும் எசன்ஸ் புட்டியிலிருந்து சில சொட்டுகள் விழாமல் இருப்பதில்லை. பண்டிகை தோன்றிய நாளிலிருந்தே இந்த மணமும் கூடவே வந்தது போன்ற ஒரு மயக்கம் நமக்கு உண்டு.

உண்மை அப்படியல்ல. ஐரோப்பியப் பண்டிகைச் சமையலறையின் பழைய வாசனைகள் எல்லாம் நம் பக்கத்துக் கடல்களைக் கடந்து போனவை: மிளகு, இஞ்சி, இலவங்கப்பட்டை, ஏலம், கிராம்பு, ஜாதிக்காய். ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்தில் 14ஆம் நூற்றாண்டு முதலே பேசப்படும் ‘லெப்கூஹன்’ என்ற தேன் ரொட்டி இவற்றால் மணந்தது. அதில் வனிலாவுக்கு இடமில்லை, இருந்திருக்கவும் முடியாது. அட்லாண்டிக்கின் அக்கரையில் அப்படி ஒரு கொடி உண்டென்பதை அன்றைய ஐரோப்பா அறியாது. வியன்னாப் பிறை பிஸ்கோத்தை 1683இல் நடந்த துருக்கியர் முற்றுகையோடு இணைத்து ஒரு கதை சொல்வார்கள். அது வடிவத்தைப் பற்றிய கதை மட்டுமே. அந்த ஆண்டில் வியன்னாவின் சாதாரண ரொட்டிக்காரர் ஒருவர் வனிலா வாங்கிப் பலகாரம் செய்திருக்க வழியில்லை.

முந்நூறு ஆண்டுகளாக அரண்மனைகளிலும் பிரபுக்களின் மாளிகைகளிலும் அடைபட்டிருந்த ஒரு வாசனை, 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் திடீரென்று தொழிலாளர் வீட்டுப் பண்டிகைப் பலகாரம் வரை இறங்கி வந்தது. இதற்குக் காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரு சிறுவனின் கட்டைவிரல். மற்றொன்று, ஒரு வேதியியல் கூடம். இரண்டாவதற்கு உரிய பெருமை அப்போதே கிடைத்துவிட்டது. முதலாவதைப் பற்றித்தான் இக்கட்டுரை.

*

வனிலா தொடக்கத்திலிருந்தே விருந்துப் பொருள்தான். மெக்ஸிகோ வளைகுடாவை ஒட்டிய இன்றைய வெராக்ரூஸ் மாநிலத்தில், பாபன்ட்லா வட்டாரத்தில் வாழும் டோட்டோனாக் மக்கள் அதன் பழைய அறிஞர்கள். அவர்களை 15ஆம் நூற்றாண்டில் வென்ற அஸ்டெக்குகள் கொக்கோ பானத்தில் அதைக் கலந்து குடித்தார்கள். அந்தப் பானம் எல்லோருக்குமானது அன்று. மன்னர், பிரபுக்கள், போர்வீரர்கள், தொலைதூர வணிகர்கள் ஆகியோரின் விருந்துகளுக்கு உரியது. 16ஆம் நூற்றாண்டில் அஸ்டெக் வாழ்வை விரிவாகப் பதிவு செய்த ஸ்பானியத் துறவி பெர்னார்டினோ டி சஹகூன், விருந்துகளில் பரிமாறப்பட்ட கொக்கோ வகைகளின் பட்டியலையே தந்திருக்கிறார். 1552இல் மார்ட்டின் டி லா க்ரூஸ் என்ற அஸ்டெக் மருத்துவர் தொகுத்து, ஹுவான் பதியானோ லத்தீனில் பெயர்த்த மூலிகைச் சுவடியில் வனிலாவின் ஓவியம் உள்ளது. நமக்குக் கிடைத்திருப்பவற்றுள் அதுவே மிகப் பழையது.

ஐரோப்பாவுக்கு வனிலா தனியாகப் போகவில்லை. சாக்லேட்டின் தோழியாகவே போனது. 1631இல் அந்தோனியோ கொல்மெனெரோ டி லெதெஸ்மா என்ற ஸ்பானிய மருத்துவர் சாக்லேட்டைப் பற்றி எழுதிய நூலின் செய்முறையில், மிளகாய், சோம்பு, இலவங்கப்பட்டை ஆகியவற்றோடு அதுவும் இடம்பெறுகிறது. அதைத் தனியொரு மணப்பொருளாகப் பயன்படுத்தலாம் என்று இங்கிலாந்து அரசி முதலாம் எலிசபெத்தின் மருந்தாளர் ஹியூ மோர்கன் சொன்னதாக வரலாறு வழங்குகிறது. மெக்ஸிகோவிலோ கன்னிமாடங்களின் அடுப்படி அதை எடுத்துக்கொண்டது. பாலும் முட்டை மஞ்சள் கருவும் சர்க்கரையும் மதுவும் சேர்ந்த ‘ரொம்போப்பே’ என்னும் கிறிஸ்துமஸ் பானத்தைப் புவேப்லா நகரத்து கிளாரா சபைக் கன்னியர் உருவாக்கினர் என்பது அங்குள்ள மரபு. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவின் தாமஸ் ஜெஃபர்சன் பாரிஸிலிருந்து வனிலா வரவழைத்தார். அவர் தம் கையால் எழுதி வைத்த வனிலா ஐஸ்கிரீம் செய்முறை இன்றும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. அந்நாட்களில் அவருடைய சமையற்கட்டை நடத்தியவர் ஜேம்ஸ் ஹெமிங்ஸ். பாரிஸில் பிரெஞ்சுச் சமையல் பயின்ற அவர் ஜெஃபர்சனின் அடிமை. 1796இல்தான் விடுதலை பெற்றார்.

இத்தனை காலமும் உலகத்துக்கு வனிலா தந்தது ஏறக்குறைய மெக்ஸிகோ ஒன்றுதான். கொடியை எடுத்துச் செல்வதில் சிரமம் இருக்கவில்லை. லண்டன், பாரிஸ் கண்ணாடிக் குடில்களிலும் வெப்பமண்டலக் குடியேற்றங்களிலும் அது தழைத்து வளர்ந்தது, பூக்கவும் பூத்தது. காய்க்கத்தான் இல்லை.

காரணம் பூவின் அமைப்பு. வனிலா ஓர் ஆர்க்கிட். மகரந்தமும் சூல்முடியும் ஒரே பூவில், ஒன்றுக்கொன்று மிக அருகில் இருக்கின்றன. ஆனால் இரண்டுக்கும் நடுவே ஒரு மெல்லிய மடல் திரைபோலத் தொங்குகிறது. காலையில் மலரும் பூ பிற்பகலில் வாடத் தொடங்கிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் யாராவது திரையை விலக்கி இரண்டையும் சேர்த்தாக வேண்டும். மெக்ஸிகோவின் காடுகளில் அதைச் சில தேனீக்கள் செய்தன. கொட்டாத சிறு தேனீயான மெலிபோனா என்று நெடுங்காலம் எழுதி வந்தார்கள். இன்றைய ஆய்வாளர்கள் ஆர்க்கிட் தேனீக்களையே பெரிதும் சுட்டுகிறார்கள். எதுவாயினும் அந்தப் பூச்சி கப்பல் ஏறவில்லை.

*

பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துத் தாவரவியலாளர் ஷார்ல் மோரன் 1836இல் வனிலாப் பூக்களைத் தம் கையால் சேர்த்துக் காய்க்க வைத்தார். அறிவியல் முறைப்படி அதுவே முதல் வெற்றி. ஆனால் அந்த முறை கண்ணாடிக் குடிலை விட்டு வெளியே வரவில்லை. ஆயிரக்கணக்கான பூக்கள் ஒரே காலையில் மலரும் தோட்டத்துக்கு அது உதவவில்லை.

தோட்டத்துக்கு உதவிய முறை இந்தியப் பெருங்கடலின் ஒரு தீவிலிருந்து வந்தது. அன்று பூர்போன் என்றும் இன்று ரெயூனியோன் என்றும் அழைக்கப்படும் அந்தப் பிரெஞ்சுத் தீவுக்கு 1819 முதல் வனிலாக் கொடிகள் கொண்டுவரப்பட்டிருந்தன. செயின்ட்-சுசான் என்ற ஊரில் ஃபெரெயோல் பெல்லியே-போமோன் என்ற தோட்டக்காரரிடம் ஒரு கொடி ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகக் காய்க்காமல் நின்றது. அவரிடம் எட்மோன் என்ற அடிமைச் சிறுவன் இருந்தான். 1829இல் பிறந்தவன், தாய் மெலீஸ் அவனைப் பெற்றபோதே இறந்துவிட்டாள். அடிமைகளுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்பதால் வெறும் எட்மோன். செடிகொடிகளில் ஈடுபாடு கொண்ட எஜமானர் பையனைத் தோட்டத்தில் கூடவே அழைத்துத் திரிந்தார். பூசணி வகைக் கொடியொன்றில் ஆண்பூவையும் பெண்பூவையும் கையால் சேர்க்கும் விதத்தையும் காட்டிக் கொடுத்திருந்தார்.

1841இல் ஒருநாள் அந்தக் கொடியில் ஒரு காய் தொங்குவதைப் பெல்லியே-போமோன் கண்டார். தான் செய்தது என்றான் எட்மோன். அவர் நம்பவில்லை. சில நாட்களில் இன்னொரு காய். செய்து காட்டச் சொன்னார். பையன் ஒரு பூவைப் பிடித்து, அதன் இதழைக் கீறி, சிறு குச்சியால் அந்த மடலை மேலே தூக்கி, கட்டைவிரலால் மகரந்தத் திரளைச் சூல்முடியின் மேல் மெல்ல அழுத்தினான். அவ்வளவுதான். சில நொடிகளில் முடிந்துவிடும் வேலை. அப்போது அவனுக்கு வயது 12.

பெல்லியே-போமோன் செய்தியை மறைக்கவில்லை. மற்றத் தோட்டக்காரர்களுக்கு எழுதினார். எட்மோனைத் தோட்டம் தோட்டமாக அனுப்பி மற்ற அடிமைகளுக்குக் கற்றுக்கொடுக்க வைத்தார்கள். 1850களில் எர்னெஸ்ட் லூப்பி, டேவிட் டி ஃப்ளோரிஸ் ஆகியோர் வெந்நீரில் முக்கிப் பதப்படுத்தும் முறையைச் செப்பம் செய்தார்கள். பச்சைக் காய்க்கு மணமே இல்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்பது மாதம் கொடியில் முற்றிய காயை ஏறத்தாழ 65 டிகிரி சூட்டு நீரில் சில நிமிடம் முக்கி, கம்பளியில் சுற்றிப் புழுங்க வைத்து, வெயிலிலும் பிறகு நிழலிலும் வாரக்கணக்கில் உலர்த்தி, பெட்டியில் மாதக்கணக்கில் அடைத்து வைத்தால்தான் உள்ளிருக்கும் வனிலின் வெளிப்படும். ஐந்தாறு கிலோ பசுங்காய் ஒரு கிலோ நெற்றாகச் சுருங்கும்.

19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள் ரெயூனியோன் மெக்ஸிகோவை முந்திவிட்டது. அங்கிருந்து கொடியும் அந்த விரல் வித்தையும் மடகாஸ்கருக்கும் கொமோரோ தீவுகளுக்கும் போயின. இன்று உலகச் சந்தையில் ‘பூர்போன் வனிலா’ என்று விற்பது இத்தீவுகளின் நெற்றுதான். பாபன்ட்லாவின் காடுகளில் தேனீ செய்துவந்த வேலையை, உலகின் மற்றத் தோட்டங்களிலெல்லாம் மனிதக் கை செய்கிறது. அந்தக் கை அசைவு 1841இல் எட்மோன் காட்டியதிலிருந்து பெரிதாக மாறவில்லை.

*

இனி வேதியியல் கூடம். 1858இல் பிரெஞ்சு வேதியியலாளர் கோப்லே வனிலின் என்ற மணப்பொருளைத் தனியே பிரித்தெடுத்தார். 1874இல் ஃபெர்டினாண்ட் டீமன், வில்ஹெல்ம் ஹார்மன் என்ற ஜெர்மானியர் இருவர் ஊசியிலை மரங்களிலிருந்து கிடைக்கும் கோனிஃபெரின் என்ற பொருளைக் கொண்டு அதைச் செயற்கையாக உருவாக்கினர். ஹோல்ட்ஸ்மிண்டன் என்ற சிற்றூரில் அதற்கொரு தொழிற்சாலை எழுந்தது. பிறகு காகித ஆலைக் கழிவிலிருந்தும், அதன்பின் பெட்ரோலிய வழிப் பொருட்களிலிருந்தும் வனிலின் வந்தது. சர்க்கரையில் வனிலின் கலந்த சிறு பொட்டலங்கள் ஜெர்மானியக் கடைகளை எட்டியபோது, கிறிஸ்துமஸ் மாவில் வனிலா சேர்ப்பது ஏழைக் குடும்பங்களுக்கும் இயலுவதாயிற்று. இன்று உலகம் நுகரும் வனிலா மணத்தில் நூற்றில் ஒரு பங்குகூட நெற்றிலிருந்து வருவதில்லை. நம் கேக்கில் விழும் எசன்ஸ் சொட்டும் பெரும்பாலும் அந்தக் கூடத்தின் வழித்தோன்றலே.

இதை வைத்து எட்மோனின் கை இல்லாமலே பண்டிகை நடந்திருக்கும் என்று வாதிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. போலிக்குத் தேவை ஏற்பட வேண்டுமானால் அசலின் மேல் ஆசை முதலில் பரவியிருக்க வேண்டும். 1841க்குப் பிந்திய முப்பது ஆண்டுகளில் ரெயூனியோனிலிருந்து வந்த நெற்றுகள் ஐரோப்பிய நடுத்தர வர்க்கத்தின் நாவில் அந்த ஆசையை ஊன்றியிருந்தன. வேதியியல் கூடம் அதைத்தான் அறுவடை செய்தது.

*

எட்மோனுக்கு என்ன கிடைத்தது? பிரான்ஸ் 1848இல் அடிமை முறையை ஒழித்தது. ஆணையோடு வந்த ஆணையர் சார்தா கரிகா ரெயூனியோனில் விடுதலையைப் பறைசாற்றிய நாள் டிசம்பர் 20. 60,000க்கும் மேற்பட்டோர் அன்று விடுதலையானார்கள். ஆனால் அதற்கு முன்பே ஒவ்வோர் அடிமையும் ஏதாவதொரு முதலாளியிடம் வேலை ஒப்பந்தம் செய்துகொண்டிருக்க வேண்டும் என்று விதிக்கப்பட்டிருந்தது. விடுதலையானவர்களுக்குப் பதிவேட்டில் குடும்பப் பெயர்கள் வழங்கப்பட்டன. எட்மோனுக்குக் கிடைத்த பெயர் அல்பியூஸ். லத்தீனில் ‘அல்புஸ்’ என்றால் வெள்ளை. கரும்பூவைக் காய்க்க வைத்த கறுப்பு இளைஞனுக்கு வெண்மையின் பெயரைச் சூட்டியதில் பாராட்டு இருந்ததா, எள்ளல் இருந்ததா என்று பதிவேடு சொல்லவில்லை.

பத்தொன்பது வயதில் விடுதலை பெற்ற எட்மோன், தலைநகர் செயின்ட்-தெனீயில் சமையற்கட்டுப் பணியாளானார். பிறகு ஒரு திருட்டு வழக்கில் சிக்கிக் கடுங்காவல் தண்டனை பெற்றார். தீவுக்கு அவர் செய்த நன்மையை எடுத்துச் சொல்லிப் பழைய எஜமானர் தரப்பினர் மன்றாடியதால், காலம் முடியுமுன்பே விடுவிக்கப்பட்டார். இதற்கிடையே ழான் மிஷேல் க்ளோத் ரிஷார் என்ற தாவரவியலாளர், அந்த முறையைத் தீவில் முதலில் காட்டியவர் தாமே என்று உரிமை கோரினார். பன்னிரண்டு வயது அடிமைச் சிறுவன் இதைக் கண்டுபிடித்தான் என்பதைவிட, அறிஞர் ஒருவர் செய்வதைப் பார்த்துக் கற்றான் என்பது பலருக்கு நம்ப எளிதாக இருந்தது. பெல்லியே-போமோன் 1860களில் எழுதிய கடிதங்களில் இதை மறுத்தார். கண்டுபிடித்தவன் எட்மோனே என்று நாம் இன்று உறுதியாகச் சொல்ல முடிவது அவற்றால்தான். தன் அடிமையின் பெயரைக் காக்க ஓர் எஜமானர் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது என்பதில் அவருடைய நேர்மையும் இருக்கிறது. அக்காலத்தின் அநீதியும் இருக்கிறது. அடிமையின் சொந்தச் சாட்சியத்தை யாரும் எழுதி வைக்கவில்லை.

1863இல் வெளியான அந்துவான் ரூசேனின் ரெயூனியோன் ஓவியத் தொகுப்பில் எட்மோனின் உருவம் இடம்பெற்றது. தீவின் வனிலாச் செல்வம் பெருகியது. எட்மோன் 1880இல் செயின்ட்-சுசானில் வறியவராக இறந்தார். தோட்டக்காரர்களை வளப்படுத்திய அந்தக் கண்டுபிடிப்பிலிருந்து அவருக்கு நிலையான வருமானம் எதுவும் வந்ததில்லை. அவ்வூரில் இன்று அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

*

ரெயூனியோனில் வனிலா பூக்கும் பருவம் ஏறக்குறைய செப்டம்பரிலிருந்து ஆண்டிறுதி வரை. பனி மூடிய வியன்னாவில் பிறை பிஸ்கோத்துகள் அடுப்பேறும் வாரங்களில், தென்கோளத்தின் கோடை வெயிலில் பெண்கள் விடியற்காலையில் கொடி கொடியாகச் சென்று பூக்களைச் சேர்த்து முடிக்கிறார்கள். தேர்ந்த கை ஒரு காலையில் ஆயிரம் பூக்களுக்கும் மேல் தொட்டுவிடும். ஒரு பூவுக்கு ஒரு காய். தவறிய பூவுக்கு மறுநாள் கிடையாது. இந்த வேலைக்கு அங்கே ‘மணமுடித்தல்’ என்று பெயர். செய்பவரை ‘மரியேஸ்’ என்கிறார்கள். மணம் செய்து வைப்பவள் என்று பொருள். வாசனையையும் திருமணத்தையும் ஒரே சொல்லால் குறிப்பது நம் மொழி. ஆகவே இதைத் தமிழில் சொல்லும்போது விளக்கம் தேவைப்படுவதில்லை.

அந்தத் தீவில் தமிழுக்கும் ஓர் இடம் உண்டு. 1848க்குப் பிறகு கரும்புத் தோட்டங்களில் ஆள் போதாமல், பாண்டிச்சேரி, காரைக்கால் வழியாகவும் 1860இன் பிரெஞ்சு-ஆங்கிலேய உடன்படிக்கைக்குப் பின் சென்னை வழியாகவும் ஒப்பந்தக் கூலிகள் அழைத்துச் செல்லப்பட்டார்கள். கூலிகள் நடத்தப்பட்ட விதம் கண்டு 1882இல் ஆங்கில அரசு அதை நிறுத்தியது. சென்றவர்களில் பெரும்பாலோர் தமிழர். அங்கே அவர்களுக்கு ‘மலபார்’ என்று பெயர். செயின்ட்-சுசானிலும் அதை அடுத்த செயின்ட்-ஆந்த்ரேயிலும் இன்றும் தமிழ்க் கோயில்கள் உண்டு, காவடி எடுக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு பெரிதும் கரும்பில்தான் கரைந்தது. ஆனால் எட்மோன் வாழ்ந்து மடிந்த அதே ஊர்ச் சாலைகளில், அவர் உயிரோடிருந்த காலத்திலேயே, நம் முன்னோர் நடந்திருக்கிறார்கள்.

இன்று அத்தீவின் ஆண்டிறுதி விருந்தில் வனிலா பலவாறு வருகிறது. ரம் புட்டிக்குள் நெற்றுகளை மாதக்கணக்கில் ஊறப் போடுகிறார்கள். சர்க்கரைவள்ளிக் கிழங்கை மசித்து ரம்மும் வனிலாவும் சேர்த்துக் கேக் சுடுகிறார்கள். வாத்துக் கறியிலும் வனிலா உண்டு; இனிப்புக்கு மட்டுமே என்று பழகிய நமக்கு அது வியப்பாக இருக்கும். லிச்சிப் பழம் குவியும் பருவமும் அதுவே. டிசம்பர் 20 என்ற நாளை லிச்சித் திருவிழா என்ற பெயரால் மூடி மறைத்த காலம் ஒன்று இருந்தது. 1980களிலிருந்து அது விடுதலை நாளாகவே பொது விடுமுறையாகக் கொண்டாடப்படுகிறது. அதற்கு ஐந்து நாள் கழித்துக் கிறிஸ்துமஸ். ஒரு வாரத்துக்குள் வரும் இரண்டு பண்டிகைகளுக்கும் ஒரே ஊறல் புட்டி போதுமானதாக இருக்கிறது.

*

வனிலாவின் கணக்கு இன்னும் நேர்ப்படவில்லை. உலக விளைச்சலில் பெரும்பகுதி இப்போது மடகாஸ்கரின் வடகிழக்கிலுள்ள சாவா வட்டாரத்தில் இருந்து வருகிறது. 2000இல் அடித்த புயலுக்குப் பின் ஏறிய விலை 2003-04 வாக்கில் கிலோ 500 டாலர் வரை போய், 2005இல் தரைதட்டியது. கேரளத்திலும் கருநாடகத்திலும் அந்த ஏற்றத்தை நம்பிக் கொடி நட்டவர்கள் அந்த வீழ்ச்சியில் அகப்பட்டார்கள். 2017இன் ஏனாவோ புயலை ஒட்டி விலை மீண்டும் 600 டாலரைத் தொட்டது. அரசு 2020இல் விதித்த 250 டாலர் ஏற்றுமதி அடிவிலை 2023இல் நீக்கப்பட்டது, விலையும் விழுந்தது. விலை உச்சத்தில் இருக்கும்போது பசுங்காய்த் திருடர்கள் வருகிறார்கள். விவசாயிகள் தோட்டத்தில் இரவுக் காவல் கிடக்கிறார்கள்.

அத்திருட்டைத் தடுக்க அங்கே ஒரு வழக்கம் உண்டு. காய் கொடியில் இருக்கும்போதே, ஊசிகள் செருகிய தக்கையால் அதன் தோலில் தம் அடையாளத்தைக் குத்திவிடுகிறார்கள். காய் வளர வளர அந்தப் புள்ளிகள் தழும்பாகும். வெந்நீரில் முக்கி, வெயிலில் காய்ந்து, கறுத்துச் சுருங்கிய பின்னும் அது அழிவதில்லை. விலையுயர்ந்த நெற்றொன்றைக் கூர்ந்து பார்த்தால் யாரோ ஒருவரின் முதலெழுத்துகள் கண்ணுக்குப் படலாம். கேக் மாவில் அதைக் கீறிப் போடுபவர் அதைக் கவனிப்பதற்கில்லை. ஆனால் பெயர் அங்கே இருக்கிறது.